குருந்தைக் கண்டுகொள்ளும் வழி

ஆவுடையார்கோயிலுக்குப் போகிறவர்கள் கல்லிலே கயிறும் ஆணியுமாகச் செதுக்கிய கொடுங்கையை அண்ணாந்து பார்க்கிறார்கள், லிங்கத்தின் பாணம் இல்லாமல் ஆவுடையார் மட்டுமே உள்ள சந்நிதியில் கும்பிடுகிறார்கள், ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தலத்தின் கதை தொடங்குவதோ ஒரு மரத்தடியில். பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த மாணிக்கவாசகர், இங்கே குருந்த மரத்தின் கீழ்தான் குருவைக் கண்டார் என்பது வரலாறு. தலமரம் இன்றும் குருந்துதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களிலும் அது உண்டு. கண்ணன் ஒசித்த மரமாகச் சிலம்பின் ஆய்ச்சியர் குரவையிலும் வருகிறது.

இத்தனை பெயர் பெற்ற மரத்தை நேரில் கண்டால் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் குறைவு. அந்தத் தலம் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இது பெரிய இழப்பு. ஏனென்றால் குருந்து அவர்கள் ஊர்க் கோயில் காடுகளிலேயே, வீரை, காசா, உலக்கைப்பாலை மரங்களோடு சேர்ந்து நிற்கிறது. கோடையிலும் இலை உதிர்க்காத அந்தக் குட்டைக்காடு சோழமண்டலக் கரையோரத்துக்கே உரியது.

முதலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். தடித்துப் பளபளக்கும் தனி இலை. பெரும்பாலும் நுனியில் சின்னதாக ஒரு பிளவு இருக்கும். வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசனை வரும், கொஞ்சம் காரமாக. இலைக்கக்கத்தில் முள் இருக்கும் என்பதால் கையை மெதுவாக நுழைக்க வேண்டும். காம்பில் நாரத்தைக்கு இருப்பதுபோன்ற சிறகு கிடையாது. நர்சரிகளில் காமினி என்று விற்கும் செடிக்கும் விளாவுக்கும் ஒரே காம்பில் பல சிற்றிலைகள். குருந்துக்கு ஒற்றை இலை. இந்த ஒரு வேறுபாடு போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

மழை விழுந்தபின் வந்தால் பூவையும் பார்க்கலாம். நான்கைந்து வெள்ளை இதழ்கள், கொத்துக் கொத்தாக. மரத்தைக் கண் கண்டுபிடிக்குமுன் மூக்கு கண்டுபிடித்துவிடும். பிறகு வரும் காய் உருண்டையாக, நெல்லிக்காயைவிடச் சற்றே சிறிதாக இருக்கும். பழுத்தால் மஞ்சள் படியும். வயது முதிர்ந்த மரத்தின் கட்டை மஞ்சளாய், இறுகிய இழையோடு இருப்பதால் நுணுக்கமான செதுக்கு வேலைக்கு உகந்தது.

இலைகளில் எச்சம் ஒட்டியதுபோல் ஏதாவது தெரிந்தால் தட்டிவிட வேண்டாம். எலுமிச்சைக் குடும்பத்தை நாடும் வண்ணத்துப்பூச்சிகளின் இளம்புழு அது. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். கருஞ்சிறகில் நீலம் படர்ந்த பெரிய வண்ணத்துப்பூச்சியும் குருந்தில் முட்டையிடும். மருந்து அடித்தால் இந்தக் காட்சி போய்விடும். இலை கொஞ்சம் ஓட்டையானாலும் மரம் தாங்கிக்கொள்ளும்.

வளர்ப்பது எளிது, பொறுமைதான் வேண்டும். கீழே விழுந்த பழுத்த பழத்தின் விதையைக் கழுவி, காயப்போட்டு வைக்காமல் உடனே பையில் ஊன்றுவது நல்லது. முளைக்கச் சில வாரம் ஆகும், அதன் பிறகும் மெல்லத்தான் வளரும். தண்ணீர் தேங்காத செம்மண் போதும். வேர் பிடிக்கும்வரை நீர் ஊற்றினால், பிறகு புதுக்கோட்டைக் கோடையைத் தானே சமாளிக்கும். ஐப்பசி மழையை ஒட்டி நட்டால் தண்ணீர் சுமக்கும் வேலை மிச்சம். வெட்டிவிட்டால் அடர்ந்து தழைக்கும் என்பதால் வேலிக்கும் ஆகும், தொட்டியிலும் குறுக்கி வளர்க்கலாம்.

கோயில் காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வருவது மட்டும் கூடாது. காட்டுக்கும் இழப்பு, வேர் அறுந்த கன்றும் பிழைப்பதரிது. காமினி வாங்க நர்சரிக்குப் போகிறவர்கள், குருந்துக் கன்று இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால் அடுத்த பருவத்துக்கு அவர்களே விதை தேடிக் கன்று வளர்ப்பார்கள்.