அழியுஞ் சிற்பமும் அமர்த்துவோர் கடனும்

சிற்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழுவன கருங்கல்லும் செம்பும் மரமுமே. பல நூற்றாண்டுகள் நின்று நிலைத்தலே சிற்பத்தின் இலக்கணமென நெடுநாளாகக் கருதி வந்துள்ளோம். ஆயினும், மணல், வெண்பனி, பனிக்கட்டி, பூசணிக்காய் ஆகிய நிலையாப் பொருள்களில் உருச் சமைத்து, அதனையே சீவனோபாயமாகக் கொண்ட சிற்பியர் மேனாடுகளிலும் கீழ்நாடுகளிலும் இன்று பலர் உளர். திருமண விருந்து, வர்த்தகக் கண்காட்சி, குளிர்காலத் திருவிழா, நகரசபைக் கொண்டாட்டம் முதலியவற்றை நடத்துவோர் இவர்களைப் பொருள்கொடுத்து அமர்த்துகின்றனர். இவர்தம் தொழில் கலையென மதிக்கத்தக்கதா, அன்றி விருந்து மேசைப் பூச்சாடிக்கு ஒப்பானதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கலையன்று என்பார் காட்டுங் காரணங்கள் இரண்டு. நிலையாமை ஒன்று, கூலிக்குச் செய்யப்படுதல் மற்றொன்று. முன்னையது வலுவுடையதன்று. இசையும் நாட்டியமும் நிகழும்போதே கழிவன. அவற்றைக் கலையல்ல என்பார் யாருமிலர். இவ்வொப்புமையையும் அளவோடு கொள்ளல் வேண்டும். இன்று பாடிய கீர்த்தனத்தை நாளையும் பாடலாம். உருகிய அன்னத்தை மீட்டல் இயலாது, வேறோர் அன்னத்தையே செதுக்கலாம். பின்னைய காரணமோ தன்னைத்தானே வெட்டிக்கொள்வது. சோழர்காலச் செப்புத் திருமேனிகளும் இத்தாலியத் தேவாலயச் சுவரோவியங்களும் பிறர் பொருளீயச் செய்யப்பட்டனவே. கூலி பெற்றமையால் ஒன்று இழிந்ததாகுமாயின், உலகச் சிற்பத்தில் எஞ்சுவது சிறிதே. ஆகவே, கூலி கொடுத்தவன் எதனைக் கேட்டான் என்று வினாவுதலே பயனுடைத்து. திறனாய்வாளர் பெரும்பாலுஞ் சிற்பியையே நோக்குவர். அமர்த்தியவனை நோக்குவார் சிலரே.

இத்துறையிற் பெரும்புகழ் வாய்ந்த சான்று புளோரன்ஸ் நகரத்தது. 1494ஆம் ஆண்டு சனவரியில் அந்நகரிற் பெரும்பனி பொழிந்தது. அப்போது நகரத்தின் தலைமை பூண்டிருந்த பியேரோ டி மெடிச்சி, தன் மாளிகை முற்றத்திற் பனியாலோர் உருவஞ் சமைக்குமாறு ஓர் இளைஞனைப் பணித்தான். அவ்விளைஞன் மைக்கலாஞ்சலோ, அகவை பதினெட்டு. உருவம் மிக அழகியதாயிருந்தது என வசாரி எழுதியுள்ளார். யாருடைய உருவம் என்பதை எழுதவில்லை. மைக்கலாஞ்சலோவின் மாணவர் கொண்டிவி எழுதிய வரலாறு மேலுமொரு செய்தியைத் தருகின்றது. தன் வீட்டில் அரிய மனிதர் இருவர் உளர் எனப் பியேரோ பெருமை பேசுவானாம். ஒருவர் மைக்கலாஞ்சலோ, மற்றவன், தான் குதிரையை முழுவேகத்திற் செலுத்தும்போதும் பின்னிடாது ஓடவல்ல இசுப்பானியக் குதிரைக்காரன். பனியிற் சிற்பங் கேட்டது குற்றமன்று. சிற்பத்தையும் ஓட்டத்தையும் ஒரே கண்ணாற் பார்த்தமையே குற்றம். அவ்வாண்டு நவம்பரிற் பியேரோ நகரினின்றுந் துரத்தப்பட்டான்.

இதற்கு மறுதலையாகப் பிறசல்ஸ் நகரத்தைக் கூறலாம். 1511ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் அந்நகர வீதிகளிலும் முற்றங்களிலும் ஏறக்குறைய 110 பனியுருவங்கள் எழுந்தன. தெய்வங்களும் துறவியரும், பகைவரை எள்ளும் உருவங்களும், நாணத்தக்க சிலவும் அவற்றுள் இருந்தன. யான் ஸ்மேக்கன் என்னும் நகரப்புலவர் அவற்றைப் பற்றி நெடும்பாட்டொன்று இயற்றினார். ஒரு மாளிகையின் முற்றத்துள் அடங்காது ஊர் முழுதும் பரந்தமையால், அங்கே சிற்பம் ஊர்மக்களின் பேச்சாயிற்று.

அமர்த்துவோர் கருத்து எத்துணைத் தூரங் கலையைக் கெடுக்கும் என்பதற்கு, இரசியப் பேரரசி அன்னா இவானோவ்னாவின் பனிக்கட்டி மாளிகையினுங் கொடிய சான்று வேறில்லை. துருக்கியரோடு நிகழ்ந்த போர் முடிந்தமையைக் கொண்டாடும் விழாக்களோடு ஒட்டி, 1740ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் அது எழுப்பப்பட்டது. ஏறக்குறைய 17 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் 6 மீற்றர் உயரமுங் கொண்டது. அமைச்சர் வொலின்ஸ்கி பணியை மேற்பார்த்தார். கட்டடக் கலைஞர் யெரொப்கின் வரைபடம் வகுத்தார். விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் கிறாவ்ற் அதனை அளந்து விவரித்து நூலொன்று எழுதினார். கட்டிகளை அளவாக அரிந்து அடுக்கி இடையே நீர் வார்க்க, அந்நீரே உறைந்து சாந்தாயிற்று. வாயிலிற் பனிக்கட்டிப் பீரங்கிகள் நின்றன. அவை மெய்யாகவே வெடிமருந்து கொண்டு சுடப்பட்டன. அருகே நின்ற பனிக்கட்டி யானை பகலில் நீரையும் இரவில் எரியும் எண்ணெயையும் துதிக்கையால் உமிழ்ந்தது. உள்ளே பனிக்கட்டிக் கட்டிலும் தலையணையும், மேசைமீது பனிக்கட்டிச் சீட்டுகளும், அடுப்பில் எண்ணெய் பூசி எரியவிட்ட பனிக்கட்டி விறகும் இருந்தன.

இம்மாளிகை யாருக்காக? கோலித்சின் என்னும் பிரபு, கத்தோலிக்கப் பெண்ணொருத்தியை மணந்து மதம் மாறிய குற்றத்துக்காக அரசவை விதூடகனாக்கப்பட்டிருந்தார். அவருக்குப் பேரரசி தன் பணிப்பெண்களுள் ஒருத்தியான கல்மிக் இனத்துப் புசெனினோவாவை வலிந்து மணமுடித்து, அவ்விருவரையும் அம்மாளிகையினுள் அடைத்துக் காவலிட்டு ஓரிரவு கழிக்கச் செய்தாள். அவர்கள் உயிர்பிழைத்தனர். வேனில் வந்தபோது மாளிகை உருகிற்று. அவ்வேனிலிலேயே யெரொப்கினும் வொலின்ஸ்கியும் அரசதுரோகக் குற்றஞ் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஒக்ரோபரிற் பேரரசியும் இறந்தாள். கிறாவ்ற் எழுதிய நூலிற் காணப்படுவது வியப்பேயன்றித் துயரமன்று. அம்மணமக்களின் துயரத்தைப் பின்வந்தோர் மறவாதிருக்க, லசெச்னிக்கொவ் 1835இல் எழுதிய நாவல் பெரிதும் உதவியது.

கொடுமையை ஒருபுறம் வைத்துச் சிற்பமாக மட்டும் நோக்கினும், அம்மாளிகையில் ஒரு குறை புலப்படும். விறகு, சீட்டு, பீரங்கி, தலையணை என அங்கிருந்த ஒவ்வொன்றும் பனிக்கட்டி அல்லாத பிறிதொன்றாகத் தோன்ற முயன்றது. ஒளியை உள்வாங்கிக் காட்டும் அதன் இயல்பும், விளிம்பு மழுங்கி இழியும் இயல்பும் அங்கே பயன்படவில்லை. 'இதையும் பனிக்கட்டியாற் செய்துவிட்டனரே' என்னும் மருட்கையே பயனாகக் கருதப்பட்டது. மருட்கை எண்சுவையுள் ஒன்று என்பதை மறுப்பாரிலர். ஆயினும், அது கண்ட கணமே தீர்ந்துபோவது. இரண்டாம் முறை நோக்கத் தூண்டாது. இன்று விருந்து மண்டபங்களிற் பனிக்கட்டியாற் குடைந்த வாய்க்கால் வழியே மதுவை ஓடவிட்டு மகிழ்வோர் பேரரசியின் கொடுமை அற்றவர். சுவையளவில் அவளுக்கு உறவினர் என்றே சொல்லவேண்டும்.

மூலப்பொருளின் இயல்பறிந்து கேட்பவனே நல்ல புரவலன். மணலை எடுத்துக்கொள்வோம். இரு மணிகளுக்கிடையே நீர் ஒரு சிறு பாலம்போல நின்று அவற்றை இழுத்துப் பிடிக்கின்றது. நீர் மிகுந்தாற் பாலங்கள் ஒன்றோடொன்று கலந்து பிடிப்புத் தளரும். மொத்தக் கனவளவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு நீரே மிக்க உறுதியைத் தரும் என 2012இல் வெளியான ஆய்வொன்று கண்டது. கடலலையால் உருண்டு வழுவழுப்பான மணலினும் கூரிய மூலைகளுடைய மணலையே சிற்பியர் விரும்புவர். அடியில்லாப் பலகைச் சட்டங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, மணலும் நீரும் இட்டு இடித்து இறுக்கி, பின்னர் உச்சிச் சட்டத்தை முதலிற் கழற்றி மேலிருந்து கீழாகச் செதுக்கிவருவர். கீழ்ப்பகுதியை முன்னர்ச் செதுக்கினால் மேலிருந்து விழும் மணல் அதனைக் கெடுக்கும். இதிலிருந்து அமர்த்துவோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. சட்டம் யாவுங் கழன்றபின் உச்சிக்கு ஏறி முகத்தைத் திருத்தல் எளிதன்று, ஏற்றுதற்கு மணலுமில்லை. நான்காம் நாள் வந்து 'தலைவரின் மூக்கைச் சற்றே எடுப்பாக்குக' என்று ஏவுபவர், செய்ய இயலாததைக் கேட்கின்றார். கேட்கவேண்டியதைக் களிமண் மாதிரியில் முன்னரே கேட்டுவிடல் வேண்டும்.

பனிக்கட்டியின் நிலை வேறு. தெளிந்த கட்டி வேண்டுமாயின், அடியிலிருந்து குளிரேற்றி மேல்நீரை அசைத்துக்கொண்டேயிருத்தல் வேண்டும். அப்போதுதான் காற்றும் கலங்கலும் மேலொதுங்கும். இவ்வாறு செய்யப்படும் வழக்கமான கட்டியொன்று ஏறக்குறைய 300 இறாத்தல் நிறையுடையது. செதுக்கிய உருவத்தை மண்டபத்திற் கொண்டுவந்து வைத்தால், நாலைந்து மணித்தியாலம் வடிவு குலையாது நிற்கும். மெல்லிய உறுப்புகளே முதலிற் கரைவன. ஆதலின் வல்ல சிற்பி கழுத்தையும் சிறகு நுனியையும் வேண்டிய அளவினுஞ் சற்றுத் தடிப்பாக விடுவான். முதல் மணித்தியாலத்தில் அது சிறிது முரடாகத் தோன்றலாம்; மூன்றாவதில் அளவாக அமையும். விருந்தினர் வருமுன் எடுத்த நிழற்படத்தைக்கொண்டு அவன் திறனை அளத்தல் பொருந்தாது. பனிக்கட்டிச் சிற்பத்தை அதன் மூன்றாம் மணித்தியாலத்திற் பார்த்தே மதிப்பிடல் வேண்டும் என்பது எம் கருத்து. நிழற்படத்துக்கென்றே செய்விப்போர் பெருகிவிட்டமையால், முன்புறம் மட்டும் முற்றுப்பெற்றுப் பின்புறம் வெறுங்கட்டியாய் நிற்கும் உருவங்களும் பெருகியுள்ளன. சுற்றிவந்து பார்க்கவொண்ணாதது சிற்பமாகாது.

விருந்துக்கென அமர்த்தப்படினும் பொருத்தம் சிறக்கலாம் என்பதற்கு எஸ்கொபியேயின் அன்னம் சான்று. இலண்டன் சவோய் உணவகத்தின் தலைமைச் சமையலாளரான அவர், 1890களில், நெல்லி மெல்பா என்னும் பாடகியைச் சிறப்பிக்கும் பொருட்டு, பனிக்கட்டி அன்னத்தின் சிறகுகளுக்கிடையே குளிர்ப்பாலேடும் பீச்சுப் பழமும் வைத்துப் பரிமாறினார். அன்னம் ஏன்? மெல்பா நடித்த வாக்னரின் 'லோகன்கிறின்' இசைநாடகத்தில் வீரனின் படகை அன்னமே இழுத்துவரும். அங்கே உருவத்துக்குக் காரணம் இருந்தது. பின்னர் காரணத்தை மறந்து அன்னத்தை மட்டும் பற்றிக்கொண்டனர். மணமக்கள் யாவராயினும் மேசைமீது அன்னமே. அன்னம் சலித்தபோது அவ்விடத்தைக் கம்பனிகளின் இலச்சினை பிடித்தது. இலச்சினையைச் செதுக்க அச்சுவார்ப்பே போதும். அதற்குச் சிற்பியை அமர்த்துதல், வித்துவானை அழைத்துத் தாளம் மட்டும் போடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பூசணியைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. அயர்லாந்தில் நூக்கோல் போன்ற கிழங்கைக் குடைந்து விளக்கேற்றிய வழக்கம் அமெரிக்காவிற் பூசணிக்கு மாறியது. இன்றைய சிற்பியர் அதனைத் துளைக்காது, தடித்த சதையிலேயே முகத்தைப் புடைப்பாகச் செதுக்குகின்றனர். சில நாளிற் சதை வற்றிச் சுருங்க, செதுக்கிய முகம் தானே முதுமை எய்துகின்றது. கல்லாலும் செம்பாலும் இயலாத காரியம் இது.

நமக்கு அண்மையிலுள்ளது ஒடிசாவின் பூரிக் கடற்கரை. இராமாயணத்தை ஒடியா மொழியிற் பாடிய பலராம்தாசர், தேர்த்திருவிழாவிலே தேரினின்றும் இழிவுபடுத்தி விலக்கப்பட்டு, கடற்கரை சென்று மணலால் வேறு தேர் சமைக்க, சகந்நாதர் அத்தேரில் வந்தமர்ந்தார் என்பது அந்நாட்டு ஐதிகம். காஞ்சியில் அம்மை மணலால் இலிங்கஞ் சமைத்து, வெள்ளம் பெருகிவரத் தழுவிக் காத்தாள் என நம் தலபுராணங் கூறும். இவற்றில் அமர்த்தியவருமில்லை, கூலியுமில்லை. அதே பூரிக் கரையிற் பணிபுரியும் சுதர்சன் பட்நாயக் 2014இற் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் கைத்திறன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும், அன்றாடச் செய்திகளையும் அறிவுரைகளையும் உருவோடு சேர்த்து எழுத்தாகவும் மணலிற் பொறிக்கும் வழக்கத்தை எம்மால் ஏற்கவியலவில்லை. உருவம் சொல்லியதை எழுத்து மீண்டுஞ் சொல்லும்போது, காண்போர் எழுத்தைப் படித்துவிட்டு உருவத்தைக் கடந்துபோகின்றனர். கேட்போரின் விருப்பும் இதற்கொரு காரணமாகலாம். வாசகம் இருந்தாற்றான் கொடுத்த பணத்துக்குப் பொருள் விளங்கும் என்பது அவர் எண்ணம்போலும்.

கல்லூரி மாணவர் சிறப்பாக அறியவேண்டியது யப்பானின் சப்போறோ நகர வரலாறு. 1950இல் அந்நகரத்துப் பாடசாலை மாணவர், ஒடோரிப் பூங்காவில் ஆறு பனியுருவங்களைச் சமைத்தனர். பல்லாயிரவர் திரண்டு வந்து கண்டனர். விழா ஆண்டுதோறும் நிகழலாயிற்று. 1955இல் அந்நாட்டுத் தற்காப்புப் படையினர் சேர்ந்தபின் உருவங்கள் மாளிகையளவு ஓங்கின. ஓங்கியதாற் சிறந்தனவா என்பது வேறு. உலகப் புகழ்பெற்ற கட்டடங்களின் பெரும்பிரதிகளைக் காட்டிலும், நகரமக்கள் தாமே செய்துவைக்கும் ஆளுயர உருவங்களில் உயிர்ப்பு மிகுதி. ஆயினும் அந்நகரத்தாரிடம் அமர்த்துவோர் யாவருங் கற்கத்தக்க வழக்கமொன்றுண்டு. விழா முடிந்ததும், பெரும் பனியுருவங்களைத் தாமாக உருகி இடிந்து ஊறுவிளைக்கும்படி விட்டுவைப்பதில்லை. பொறிகளைக் கொண்டு முறையாக உடைக்கின்றனர். அதனைக் காணவும் மக்கள் கூடுகின்றனர். பிற இடங்களிலோ ஒப்பந்தத்தில் உருவத்தின் உயரமும் முடிக்கவேண்டிய நாளும் மட்டும் எழுதப்படுகின்றன. அதன் முடிவு எந்நாள், யார் கையால், யார் முன்னிலையில் என்பது எழுதப்படுவதில்லை. மறுநாட் காலையில், தலையிழந்த உருவத்தருகே, துடைப்பத்தோடு வரும் வேலையாளிடமே அது விடப்படுகின்றது.