ஐம்பது நிமிடத்துக்கு ஒரு கிரெடிட்

2023 மார்ச் 24 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு சட்டம் கையெழுத்தானது. அதுவரை கவனக்குறைவால் காயம்பட்டவர் வழக்குப் போட நான்கு ஆண்டு அவகாசம் இருந்தது. அது இரண்டாகக் குறைந்தது. அதுவரை விபத்தில் 90 சதவீதத் தவறு வாதியுடையது என்றாலும் மீதிப் பத்துக்கு அவர் இழப்பீடு கேட்கலாம். புதிய சட்டத்தில் அவருடைய தவறு பாதியைத் தாண்டினால் ஒரு டாலர்கூடக் கிடையாது. மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுக்கு மட்டும் இதில் விலக்கு. பிரதிவாதிக்காக ஆஜராகும் வழக்கறிஞர் ஒருவர் இந்த மாற்றம் தெரியாமல் எதிருரை தாக்கல் செய்தால், கொடுக்க வேண்டாத பணத்தை அவருடைய கட்சிக்காரர் கொடுக்க நேரும். நாள் முழுக்க வாய்தாவிலும் வாக்குமூலப் பதிவிலும் அலைகிறவருக்கு இதை யாராவது கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்வது தொடர் சட்டக் கல்வி. செய்தியைக் கொண்டுசேர்ப்பதில் அதற்கு இணையான ஏற்பாடு வேறில்லை. ஆனால் அது கட்டாயமானது செய்தி சொல்வதற்காக அல்லவே என்பதுதான் என் சிக்கல்.

நம் ஊர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்காக நிற்கும் பேனல் வக்கீலைப் பார்த்தவர்களுக்கு அமெரிக்கப் பிரதிவாதித் தரப்பு வழக்கறிஞரை விளக்க வேண்டியதில்லை. லாரி மோதியவரும் கடையில் வழுக்கி விழுந்தவரும் மருந்தால் பாதிக்கப்பட்டவரும் வாதிகள். லாரி முதலாளி, கடைக்காரர், மருந்துக் கம்பெனி பிரதிவாதிகள். பிரதிவாதிக்கு வக்கீல் வைத்துக்கொடுத்துக் கட்டணமும் கட்டுவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம். அங்கே இந்த இரு தரப்பும் இரண்டு முகாம்களாகவே பிரிந்துவிட்டன. பிரதிவாதி முகாமுக்கு 1920 முதல் ஒரு பன்னாட்டுச் சங்கம் இருக்கிறது. 1960-இல் டிஃபென்ஸ் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் வந்தது. தனிப் பத்திரிகை, தனி மாநாடு, நிபுணர் சாட்சிகளைப் பற்றிய தனித் தகவல் தொகுப்பு. வாதி முகாமிலும் இதே கதை. ஆகவே சட்டம் ஒன்றாக இருந்தாலும் அதைத் தொடர்ந்து படிக்கும் வகுப்பறைகள் வேறு வேறு.

கட்டாயம் எப்படி வந்தது? 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வாரன் பர்கர், ஃபோர்டாம் பல்கலைக்கழக உரையொன்றில், முக்கிய வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிப் பேர் வரை அதற்கு முழுத் தகுதி பெற்றவர்கள் அல்ல என்ற பொருளில் பேசினார். அவர் குறை சொன்னது நீதிமன்றத்தில் எழுந்து நின்று வழக்கு நடத்தும் திறனை. குறுக்கு விசாரணை செய்யத் தெரியவில்லை, சாட்சியத்தை முறையாக முன்வைக்கத் தெரியவில்லை என்பதே அவருடைய ஆதங்கம். அதே ஆண்டுகளில் வாட்டர்கேட் ஊழலில் அகப்பட்டவர்களில் பலர் வழக்கறிஞர்கள் என்பதால் தொழிலின் மானமும் கப்பலேறியிருந்தது. 1975-இல் மின்னசோட்டாவும் அயோவாவும் தொடர் கல்வியைக் கட்டாயமாக்கின. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அது கட்டாயம். டெக்சாஸில் ஆண்டுக்கு 15 மணி, நியூயார்க்கில் இரண்டு ஆண்டுக்கு 24, கலிஃபோர்னியாவில் மூன்று ஆண்டுக்கு 25. வழக்கறிஞர்களின் கை சரியில்லை என்றார் பர்கர். மாநிலங்கள் எழுதிக்கொடுத்த மருந்து காதுக்கானது.

அதற்காக அந்த மருந்தை வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரதிவாதித் தரப்புக்கு அது தந்திருக்கும் பலன்களில் பெரியது ‘ஊர்வன உத்தி’ விவகாரம். 2009-இல் டான் கீனன் என்ற வாதித் தரப்பு வழக்கறிஞரும் டேவிட் பால் என்ற ஆலோசகரும் சேர்ந்து ‘ரெப்டைல்’ என்ற கையேட்டை வெளியிட்டார்கள். மனித மூளையின் அடியில் ஊர்வனவற்றின் மூளை ஒன்று இருக்கிறது, தன் உயிருக்கு ஆபத்து என்று உணர்ந்தால் அது விழித்துக்கொள்ளும், ஜூரியிடம் அதைத் தட்டி எழுப்புங்கள் என்பது அதன் சாரம். மூளையை இப்படி அடுக்கடுக்காகப் பிரிக்கும் கருத்தை நரம்பியல் அறிஞர்கள் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. உத்தி வேலை செய்ததற்கு அறிவியல் காரணமில்லை. கேள்விகளின் வரிசைதான் காரணம். விசாரணைக்கு முன் நடக்கும் டெபொசிஷனில் லாரி நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளரைக் கேட்பார்கள்: பொதுமக்களுக்குத் தேவையில்லாத ஆபத்தை உண்டாக்கக் கூடாது, சரிதானே? சரி என்பார். ஆபத்தைத் தவிர்க்க வழியிருந்தால் எப்போதுமே பாதுகாப்பான வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையா? ஆமாம் என்பார். நாலாவது கேள்விக்குள் தன் நிறுவனத்தைத் தானே குற்றவாளி ஆக்கியிருப்பார். சட்டம் கேட்பது நியாயமான கவனத்தை மட்டும்தான், எப்போதும் மிகப் பாதுகாப்பான வழியை அல்ல என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வராது.

தனியாக அலுவலகம் நடத்தும் ஒரு பிரதிவாதித் தரப்பு வழக்கறிஞர் இந்தக் கேள்வி வரிசையை முதன்முறை எதிர்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்றே அவருக்குப் புரிந்திருக்காது. முகாமின் வகுப்புகள் அதை அடையாளம் காட்டின. கேள்விகளின் எழுத்துப்படிகளைப் பரிமாறிக்கொள்ளவும், எந்த ஆட்சேபணையை எந்த நீதிபதி ஏற்றார் என்று அறிந்துகொள்ளவும் வழி பிறந்தது. சிதறிக் கிடக்கும் சிறு அலுவலகங்களுக்குப் பெரிய நிறுவனத்தின் நினைவாற்றலை இந்த வகுப்புகள் கடன் கொடுக்கின்றன. நிபுணர் சாட்சியம் பற்றிய கூட்டாட்சி விதி 702 இன்னோர் எடுத்துக்காட்டு. நிபுணரின் கருத்து நம்பகமானது என்பதை, அவரைக் கொண்டுவரும் தரப்பே நீதிபதிக்கு நிரூபித்தாக வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் விதியின் வாசகத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. நிபுணர் சாட்சியம் நம்பகமானதா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்ற 1993-இன் டாபர்ட் தீர்ப்பிலிருந்து நடக்கும் இழுபறியில் பிரதிவாதிகளுக்குக் கிடைத்த முக்கியமான பிடிமானம் இது. பழைய மனுவின் நகலை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றித் தாக்கல் செய்யும் வழக்கறிஞரிடம் இதைக் கொண்டுசேர்க்க ஒரு மணி நேர வகுப்பே போதும்.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தின் எல்லையும் அங்கேயே தெரிகிறது. ஊர்வன உத்தியை எதிர்கொள்ளச் சாட்சியைத் தயார்படுத்த வேண்டும் என்று வகுப்பில் சொல்லிவிடலாம். பதற்றத்தில் இருக்கும் லாரி மேலாளர் ஒருவரை எதிரே உட்காரவைத்து, ஆமாம் என்று சொல்லத் துடிக்கும் அவர் நாக்கைப் பொய் சொல்லவிடாமலும் விட்டுக்கொடுக்கவிடாமலும் பழக்குவது வேறு வேலை. அது செய்து தவறி, திருத்தப்பட்டு, மறுபடி செய்து வருவது. 1971-இல் தொடங்கிய விசாரணை வாதத் திறனுக்கான தேசிய நிறுவனம் அந்த வழியில்தான் பயிற்சி தருகிறது. மாணவர் எழுந்து சாட்சியை விசாரிப்பார். மூத்தவர் ஒருவர் அங்கேயே பிழையைச் சொல்வார். மாணவர் மீண்டும் செய்வார். பிரதிவாதி வழக்கறிஞர்களின் பன்னாட்டுச் சங்கமும் இளையவர்களுக்காக ஸ்டான்ஃபோர்டில் விசாரணைப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. பர்கர் கேட்டதற்குக் கிட்டத்தட்ட நேரான பதில் இவைதான். இவற்றுக்கு நாட்கணக்கில் நேரமும் நிறையப் பணமும் வேண்டும். கிரெடிட் கணக்கிலோ, திரையில் ஓடும் பேச்சைக் கேட்டுக்கொண்டே மதியச் சாப்பாட்டை முடித்தவருடைய மணியும், பத்துப் பேர் முன்னால் குறுக்கு விசாரணையில் தடுமாறிக் கற்றவருடைய மணியும் ஒரே எடை.

முன்பு இந்தக் குறையை நீதிமன்றமே ஈடுசெய்தது; வழக்கு நடத்தி நடத்தியே கற்றுக்கொள்ள முடிந்தது. 1962-இல் கூட்டாட்சி நீதிமன்றங்களின் சிவில் வழக்குகளில் 11.5 சதவீதம் விசாரணை வரை சென்றன. 2002-இல் அது 1.8 சதவீதம் என்று சட்ட அறிஞர் மார்க் கலன்டர் கணக்கிட்டுக் காட்டினார். மற்றவை சமரசத்திலோ முன்கூட்டிய தீர்ப்பிலோ முடிந்துவிடுகின்றன. ஜூரி முன் ஒருமுறைகூட முழு வழக்கை நடத்தாமல் ஒருவர் அலுவலகத்தின் பங்குதாரர் ஆகிவிட முடிகிற காலம் இது. கற்பிக்கிறவரே விசாரணையை அரிதாகப் பார்த்தவராக இருக்கும்போது, உரை கேட்டுத் திறன் வளரும் என்று நம்புவதற்கு மிகப் பெரிய மனது வேண்டும்.

மணிக்கணக்கு முறைக்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் தொழில் உலகம் சங்கடப்படுகிறது. மிஷிகன் ஒருமுறை கட்டாயம் வைத்துப் பார்த்து 1994-இல் கைவிட்டது. மேரிலாண்டிலும் மாசசூசெட்ஸிலும் கட்டாயமே இல்லை. அங்குள்ள வழக்கறிஞர்கள் பக்கத்து மாநிலத்தவரைவிட மட்டம் என்று யாரும் நிறுவிக் காட்டவில்லை. 1999-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கட்டாயத்தை உறுதி செய்தபோதும், நியாயமான அடிப்படை இருக்கிறதா என்று பார்த்ததே தவிர, பலன் இருக்கிறதா என்று அளக்கப் போகவில்லை. ஏதாவது விபரீதம் நடந்தால் ஒரு மணி நேரம் கூடுகிறது. 2016-இல் புளோரிடா தொழில்நுட்பத்துக்கு மூன்று மணி சேர்த்தது. 2023-இல் நியூயார்க் இணையப் பாதுகாப்புக்கு ஒரு கிரெடிட் வைத்தது. சாட்ஜிபிடி கற்பனை செய்து கொடுத்த தீர்ப்புகளை நம்பி மனு போட்டவர்களுக்கு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்ததும் அதே 2023-இல்தான். எந்தச் செய்திக்கும் வகுப்பு நடத்தலாம். மேற்கோள் காட்டும் தீர்ப்பை எடுத்துப் படித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு எத்தனை கிரெடிட் கொடுப்பது?

நியூயார்க்கில் 50 நிமிடம் ஒரு கிரெடிட். பதிவு செய்த வகுப்பைக் கேட்கிறவர் உண்மையிலேயே கேட்டாரா என்று அறிய நடுவில் ஒரு குறிச்சொல்லைச் சொல்வார்கள். அதை எழுதிக் கொடுத்தால்தான் சான்றிதழ். பெரியவர்களை, அதுவும் சத்தியப் பிரமாணம் வாங்கித் தரும் தொழிலில் இருப்பவர்களை, இப்படிச் சோதிப்பதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குக் கணக்கு அனுப்பும்போது இதே வழக்கறிஞர் தன் உழைப்பை ஆறு ஆறு நிமிடமாக வெட்டி எழுதுகிறார். பொதுவான சட்ட ஆய்வுக்கும் இளையவரின் பயிற்சிக்கும் பணம் தர முடியாது என்று நிறுவனங்களின் பில்லிங் விதிகள் பலவும் சொல்கின்றன. கற்கும் நேரமெல்லாம் கூலியில்லா நேரம் என்றான பிறகு, மலிவான மணியைத் தேடி ஓடுவதில் வியப்பென்ன? இலவச மணியைத் தரக் காத்திருப்பவர்கள் பலர்: நிபுணர் சாட்சிகளை ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள், மின்னணு ஆவணத் தேடல் விற்பவர்கள், டெபொசிஷன் எழுத்துப்படி எடுப்பவர்கள். அந்த வகுப்பின் முடிவில் அவர்களுடைய சேவை தேவை என்பதும் தெளிவாகிவிடும்.

மணிக்கணக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு ஆண்டுக்கு 16 மணி நேரம் என்றிருந்ததை 2016 நவம்பரில் நீக்கினார்கள். உன் வேலையை நீயே பரிசீலித்துப் பார், குறையைக் கண்டுபிடி, அதற்கேற்பக் கற்றுக்கொள் என்றார்கள். கேட்க அழகான ஏற்பாடு. தன் குறை தனக்குத் தெரிந்தவருக்கு அது பொருந்தும். குறை அதிகம் உள்ளவருக்குத்தான் அது தெரியாது. 2022-இல் அங்குள்ள சட்டத் தொழில் மேற்பார்வை வாரியமே முன்வந்து, வழக்கறிஞர்களின் திறனைத் தொழில்வாழ்வு முழுதும் உறுதிப்படுத்துங்கள் என்று கொள்கை அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. கட்டாயம் இருக்கட்டும் என்பதே என் நிலை. அதில் பாதியாவது, செய்துகாட்டித் திருத்தம் பெறும் மணியாக இருக்க வேண்டும்.

மீதிப் பாதியில் கவலை தருவது வேறொன்று. பிரதிவாதித் தரப்பு வழக்கறிஞரின் தனிச் சிக்கல், பணம் தருபவர் ஒருவர், காப்பாற்றப்பட வேண்டியவர் இன்னொருவர் என்பது. கடைக்காரரின் மேல் வழக்கு. பாலிசி வரம்புக்குள் சமரசம் செய்ய வாய்ப்பு வருகிறது. நிறுவனம் பார்க்கலாம் என்கிறது. தீர்ப்பு வரம்பைத் தாண்டினால் முதலில் கடைக்காரரின் வீடு ஆட்டம் காணும். வழக்கறிஞர் யார் பக்கம் பேசுவார்? மொன்டானா உச்ச நீதிமன்றம் 2000-இல் தெளிவாகச் சொன்னது: பாலிசிதாரர் ஒருவரே கட்சிக்காரர், ஒவ்வொரு நடவடிக்கைக்கும் முன் அனுமதி கேட்கச் சொல்லும் பில்லிங் விதிகளுக்கு வழக்கறிஞர் உடன்படக் கூடாது. எல்லா மாநிலங்களும் இவ்வளவு தூரம் போகவில்லை. நெறிமுறை வகுப்புகளில் இந்த முக்கோண உறவு பாடமாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அரங்கின் முன்வரிசையில் அடுத்த வழக்கைத் தரப்போகும் கிளெய்ம்ஸ் அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழும்படி ஒரு வழக்கறிஞர் எந்தக் கேள்வியைக் கேட்பார், எதை விழுங்குவார் என்று ஊகிக்கலாம். முகாமுக்குள் நடக்கும் கல்வியால் எதிராளியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்க முடியும். கூலி கொடுப்பவரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வெளியாள் வேண்டும். பாலிசிதாரர்களுக்காக நிறுவனங்களை எதிர்த்து வாதாடும் வழக்கறிஞரோ ஓய்வுபெற்ற நீதிபதியோ அந்த ஒரு மணியை நடத்தட்டும்.

கலிஃபோர்னியாவில் இந்தப் பிணக்கு 1984-இல் கியூமிஸ் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பானது. நிறுவனத்துக்கும் பாலிசிதாரருக்கும் உண்மையான முரண் இருந்தால், பாலிசிதாரர் தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரமான வழக்கறிஞருக்கு நிறுவனம் பணம் கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். 1987-இல் சட்டமன்றம் அதைச் சிவில் சட்டத் தொகுப்பில் 2860-ஆம் பிரிவாகச் சேர்த்தது. கண்ட ஆளையும் வைத்துவிடக் கூடாதே என்று, அந்த வழக்கறிஞரிடம் என்ன தகுதியை நிறுவனம் எதிர்பார்க்கலாம் என்பதும் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது: சிவில் வழக்குகளில் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம், அதில் வழக்கின் பொருளில் கணிசமான பிரதிவாதித் தரப்பு அனுபவம், தொழில் பிழைகளுக்கான காப்பீடு. தொடர் கல்வி மணிகளைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை.