மடியில் மகன்: வியாகுல மாதா சிற்பத்தில் மறுமலர்ச்சியும் பரோக்கும்

மறுமலர்ச்சிக் காலச் சிற்பத்தையும் பரோக் காலச் சிற்பத்தையும் ஒப்பிடும் கலை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் தாவீதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மைக்கேலாஞ்சலோவின் தாவீது (1501–1504) பகைவனை எதிர்நோக்கி நிற்கிறான். பெர்னினியின் தாவீது (1623–1624) உடலை முறுக்கிக் கவணைச் சுழற்றுகிறான். முன்னது அமைதி, பின்னது அசைவு என்று பாடம் முடிந்துவிடும். தேர்வுக்கு இது போதும். ஆனால் தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை உள்ள முத்துக்குளித்துறையில் வளர்ந்த ஒருவருக்கு, சுரூபம் என்றால் என்ன என்பது இந்தப் பாடத்தைப் படிப்பதற்கு வெகுநாள் முன்பே தெரியும். தாவீதைத் தோளில் சுமந்து யாரும் தெருவில் வருவதில்லை. மரித்த மகனின் தாயைச் சுமந்து வருகிறார்கள். ஒப்பீட்டுக்கு அந்தத் தாயே பொருத்தமானவள்.

சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவை மரியாள் மடியில் ஏந்தியிருக்கும் காட்சியை இத்தாலியர் பியத்தா என்பார்கள். போர்த்துக்கீசியச் சொல் பியெதாதே. 1582ஆம் ஆண்டு தூத்துக்குடியில் எழுந்த பழைய ஆலயம் இந்தப் பெயரைத்தான் தாங்கியிருந்தது. தமிழில் வியாகுல மாதா என்கிறோம். மரியாளின் எல்லாத் துயரங்களையும் சேர்த்துச் சொல்லும் பெயர் இது; மடியில் மகன் கிடக்கும் காட்சி அவற்றுள் ஒன்று.

நற்செய்தியில் இல்லாத காட்சி

வியப்பு என்னவென்றால், இந்தக் காட்சி நற்செய்தி நூல்களில் இல்லை. யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் தாய் சிலுவையருகே நிற்கிறார். அரிமத்தியா ஊர் யோசேப்பும் நிக்கதேமுவும் உடலை எடுத்துத் துணியில் சுற்றி அடக்கம் செய்கிறார்கள். உடலை இறக்கியதற்கும் கல்லறையில் வைத்ததற்கும் நடுவே தாய் என்ன செய்தாள் என்று யாரும் எழுதவில்லை. அந்த இடைவெளியைப் பக்தியும் சிற்பிகளும் நிரப்பிக்கொண்டார்கள்.

முதலில் நிரப்பியவர்கள் இத்தாலியர் அல்லர். 1300ஐ ஒட்டி ஜெர்மன் நாட்டு மரச்சிற்பிகள் இந்த உருவத்தைச் செதுக்கத் தொடங்கினர். விறைத்த உடல், பெரிய காயங்கள், கட்டி கட்டியாகத் தொங்கும் குருதி, அழுது வீங்கிய தாய். பார்க்கவே மனம் கூசும். இந்த வரலாறு தெரியாவிட்டால், அமைதியான மறுமலர்ச்சி உருவமே மூலம் என்றும் பரோக் அதைக் கெடுத்து மிகைப்படுத்தியது என்றும் நினைத்துவிடுவோம். உண்மையில் இரண்டு அழுகைகளுக்கு நடுவில் வந்த சிறிய மௌனம்தான் மைக்கேலாஞ்சலோவின் சிலை.

ரோமாபுரியின் பளிங்கு

ரோமில் இருந்த பிரெஞ்சுக் கர்தினால் ஒருவர் தம் கல்லறைக்காக இதைச் செய்யச் சொன்னார். 1498–1499இல் கராராப் பளிங்கில் சிலை முடிந்தபோது மைக்கேலாஞ்சலோவுக்கு இருபத்து நான்கு வயதளவு. உயரம் 174 செ.மீ. தாயின் மார்பில் குறுக்காக ஓடும் பட்டையில் சிற்பி தன் பெயரைப் பொறித்தார். அவர் பெயர் பொறித்த ஒரே சிற்பம் இதுதான்.

முழு வளர்ச்சி பெற்ற ஓர் ஆணை ஒரு பெண்ணின் மடியில் கிடத்துவது சிற்பிக்குப் பெரிய சிக்கல். உடல் இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும். மைக்கேலாஞ்சலோ மரியாளைப் பெரிதாக்கினார். அவர் எழுந்து நின்றால் மகனைவிட மிக உயரமானவராக இருப்பார். அது தெரியாதபடி, ஆடையின் மடிப்புகளை முழங்காலைச் சுற்றிப் பெருக்கிவிட்டார். தலையில் குறுகித் தரையில் விரியும் முக்கோணத்துக்குள் இருவரும் அடங்கிவிடுகிறார்கள். ஆணித் தழும்புகள் தேடிப் பார்த்தால்தான் தெரியும். மரியாள் மகனைவிட இளையவராகத் தெரிகிறார். கற்புள்ள பெண்கள் வாடுவதில்லை என்று சிற்பி அதற்கு விளக்கம் சொன்னதாக அவருடைய வாழ்க்கையை எழுதிய கொண்டிவி குறிப்பிடுகிறார். எனக்கு அந்த விளக்கத்தைவிட மரியாளின் இடக்கை முக்கியமாகப் படுகிறது. உள்ளங்கை விரிந்து, கேள்வியும் இல்லாமல் முறையீடும் இல்லாமல், “இதோ” என்பதுபோல் இருக்கிறது. சிலையில் துயரம் என்று சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இந்தச் சிலை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நாம் போனாலும் வந்தாலும் அது தன்னளவில் நிறைவாக இருக்கிறது. 1972இல் ஒருவன் சுத்தியலால் இதைத் தாக்கிய பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்தார்கள். அந்தத் தூரம் அதற்குப் பெரிய இழப்பில்லை என்றே தோன்றுகிறது. சிலை ஏற்கெனவே தூரத்தில்தான் இருந்தது.

மைக்கேலாஞ்சலோவே இந்த அமைதியில் தங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதுமையில் தொடங்கிய புளோரன்ஸ் பியத்தாவைத் தாமே உடைத்தார். 1564இல் இறப்பதற்குச் சில நாள் முன்புவரை செதுக்கிய ரொண்டனீனி பியத்தாவில் தாயும் மகனும் ஒருவருக்குள் ஒருவர் கரைந்து நிற்கிறார்கள். காலப் பெயர்ச்சீட்டு ஒட்டுபவர்களுக்கு அது தொல்லை தரும் சிற்பம்.

வயாதோலித்தின் மரம்

1563 டிசம்பரில் திரெந்து பொதுச்சங்கம், திருவுருவங்கள் மக்களுக்கு விசுவாசத்தைக் கற்பிக்க வேண்டும் என்று அறிவித்தது. உருவங்களை மறுத்த சீர்திருத்தச் சபைகளுக்கான பதில் அது. அதன் விளைவை ஸ்பெயின் நாட்டு வயாதோலித் நகரில் பார்க்கலாம். அங்கே பட்டறை வைத்திருந்த கிரெகோரியோ பெர்னாண்டஸ் (1576–1636), 1616ஐ ஒட்டி வியாகுல மாதா பக்தசபை ஒன்றுக்காக ஒரு பியத்தா செய்தார். (பெர்னாண்டோக்கள் நிறைந்த நம் கடற்கரையில் இந்தப் பெயர் அந்நியமாக ஒலிக்காது.) இப்போது அது அதே நகரின் தேசியச் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கல்லறைக்காகச் செய்யப்பட்டதல்ல இது, தெருவுக்காகச் செய்யப்பட்டது. பெரிய வாரத்தில் சபையார் தோளில் தூக்கிப் போவதற்கான மரச் சுரூபம். மைக்கேலாஞ்சலோவின் முக்கோணம் இங்கே குலைந்துவிட்டது. மகனின் உடல் மடியில் நிற்காமல் சரிந்து, விரித்த துணியின் மேல் சாய்வாகக் கிடக்கிறது. தாயின் முகம் மகனை நோக்கவில்லை, வானத்தை நோக்குகிறது. ஒரு கை அவனைத் தாங்க, மறு கை மேலே விரிந்து முறையிடுகிறது. இழவு வீட்டில் எழும் கைதான் அது. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதற்கு உரை தேவையில்லை.

வண்ணம் இந்தச் சிற்பத்தின் பாதி. ஸ்பெயினில் மரத்தைச் செதுக்குபவர் ஒருவர், அதற்கு வண்ணம் தீட்டுபவர் வேறொருவர். இரண்டும் தனித் தொழில்கள். ஆடைப் பகுதியில் தங்கத் தகடு ஒட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, கூரிய கருவியால் சுரண்டிப் பூவேலை எடுப்பார்கள். தோலுக்குச் சாவின் நீலமும் பச்சையும் கலந்த தனிப்பூச்சு. பெர்னாண்டஸ் செய்த மரித்த கிறிஸ்து சுரூபங்களில் கண்ணாடிக் கண்கள், தந்தப் பற்கள், கொம்பினால் ஆன நகங்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் இவை வித்தை போலத் தெரியலாம். மெழுகுவர்த்தி அசையும்போதுதான் அந்தக் கண்ணில் ஒளி அசையும். சுமப்பவரின் நடையில் உயர்ந்து தாழும் கைதான் முறையிடும் கை. அருங்காட்சியகத்தில் இந்தச் சுரூபம் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி கூட்டமும் இருட்டும்.

நம் கோவில் வழக்கில் இதற்கு நல்ல உவமை உண்டு. கருவறையை விட்டு நகராத கல் மூலவர், வீதிக்கு வரும் உலோக உற்சவர். ரோமாபுரி பியத்தாவை மூலவராகவும் வயாதோலித் பியத்தாவை உற்சவராகவும் பார்த்தால், அமைதி–அசைவு என்ற பாடநூல் பிரிவினையைவிடத் தெளிவு கிடைக்கிறது. உவமையை முழுக்க இழுக்கக் கூடாது. மூலவருக்கும் அபிடேகமும் அலங்காரமும் உண்டு, ரோமாபுரிப் பளிங்குக்கு அது இல்லை. அந்த மூலவரும் ஒருமுறை கப்பலேறியிருக்கிறார்: 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு.

கடல்வழி வந்தது

1535–1537 ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். மைக்கேலாஞ்சலோ அப்போது உயிரோடு இருந்தார். ஆனால் அவருடைய கலை இந்தக் கப்பல்களில் ஏறவில்லை. வந்தவை மரமும் தந்தமும், பெரும்பாலும் ஐபீரிய மரபைச் சேர்ந்தவை. தூத்துக்குடி பனிமய மாதாவின் மரச் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து சாந்தா எலேனா என்ற கப்பலில் வந்ததாக மரபு சொல்கிறது. மணிலா ஸ்பானியர் நகரானது 1571இல்தான். ஆகவே ஆண்டு, துறைமுகம் இரண்டில் ஒன்றை மறுபடி ஆராய வேண்டியிருக்கிறது. அந்த மாதாவின் கையில் இருப்பது உயிருள்ள குழந்தை, மரித்த மகனல்ல. எனினும் செய்பொருளிலும் நோக்கத்திலும் அது வயாதோலித்துக்குத்தான் உறவு: உடுத்தி, முடிசூட்டி, தூக்கிச் செல்லப்படும் சுரூபம்.

தூக்கிச் செல்ல முடிவது இங்கே அழகியல் சிறப்பு மட்டுமல்ல. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் உருவ வழிபாட்டை மறுத்த சீர்திருத்தச் சபையினர். மாதா சுரூபத்தை ஊர் ஊராக மறைத்துக் காத்ததாகப் பரதவர் மரபு பேசுகிறது. பளிங்கு மாதாவாக இருந்திருந்தால் அது முடியாது. 1713இல் இன்றைய பனிமய மாதா ஆலயம் எழுந்ததும் டச்சுக்காரர் நகரில் இருந்தபோதுதான். 1806இல் பொன் தேர் ஓடியது. அசையாமல் நிற்கும் ஒரு தாயுருவத்தை, வடம், உயரம், பொன், கூட்டம் ஆகியவற்றால் அசைய வைத்த தேர் அது. பரோக் என்பது செதுக்கிய கைவண்ணத்தில் மட்டும் இருப்பதல்ல என்பதற்கு, பெர்னினியைவிட இந்தத் தேரையே சான்றாகக் காட்டுவேன்.

மடியில் மகன் என்ற காட்சிக்கோ இக்கடலின் இரு கரையிலும் சொல்லும் சேர்ந்துகொண்டது. கோவாவிலிருந்து 1705இல் இலங்கை சென்ற யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் (இறப்பு 1742) தமிழில் வியாகுலப் பிரசங்கம் எழுதினார். அங்கும் டச்சு ஆட்சிதான். தவக்காலத்தில் அதை ராகத்தோடு வாசிப்பது மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் வழக்கம். மன்னாரின் பேசாலையில் சுரூபங்களைக் கொண்டே பாடுகளை நடத்திக் காட்டும் ‘உடக்குப் பாஸ்’ மரபு இருக்கிறது. சிலை, குரல், இருட்டு, அழும் சனம் எல்லாம் சேர்ந்ததே அங்கே சிற்பம்.

சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பெயர் ‘பாடுபட்ட சுரூபம்’. உருவமே பாடுபடுகிறது என்று கேட்கும்படியான சொல். ரோமாபுரிப் பளிங்குக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

எந்த அளவுகோல்?

கலைப் பாடம் படித்துத் திரும்பும் மாணவர் பலருக்குத் தம் ஊர்ச் சுரூபங்கள் கொஞ்சம் வெட்கமாகத் தெரிகின்றன. கண் பெரிது, வண்ணம் கூடுதல், துணி உடுத்தியிருப்பது பொம்மை போல. பளிங்கின் வெண்மையை அளவுகோலாக வைத்தால் இந்தத் தீர்ப்பு தவிர்க்க முடியாதது. அளவுகோல்தான் தவறு. தோளில் ஏறி, கீழிருந்து, பந்தத்திலும் மெழுகுவர்த்தியிலும் பார்க்கப்பட வேண்டிய உருவத்துக்குக் கண் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். அதே சமயம், ஊர்ச் சுரூபங்கள் எல்லாம் உயர்ந்த கலை என்று சொல்லவும் நான் தயாரில்லை. அச்சில் வார்த்த சாந்துச் சுரூபங்களில் பல, வயாதோலித்தின் உணர்ச்சியையும் ரோமாபுரியின் அடக்கத்தையும் ஒருசேர இழந்தவை. முகத்தில் இனிப்பு மட்டும் மிச்சம்.

கவலை பழைய மரச் சுரூபங்களைப் பற்றியது. திருவிழா நெருங்கும்போது அவற்றின் மேல் பளபளப்பான எனாமல் பெயிண்ட் பூசும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பக்தியில் செய்வதுதான், குறை சொல்ல நா எழாது. ஆனால் இவ்வகைச் சிற்பத்தில் வண்ணமே பாதி வேலை என்று பார்த்தோம். கெட்டியான எனாமல், தங்கத்தின் மேல் சுரண்டிய பூவேலையையும் கன்னத்தின் வெளிறலையும் ஒரே நிறத்தில் மூடிவிடுகிறது. இமை ஓரத்தில் படிந்தால் கண்ணாடிக் கண் ஒளியை வாங்காது. அடுத்த முறை தூரிகை எடுக்குமுன், மரச்சிற்பப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரை அழைத்து, ஆடையின் பின்புறம் ஒரு விரலகலத்தில் அடுக்குகளைச் சோதிக்கச் சொல்லலாம். கீழே எத்தனை பூச்சு இருக்கிறது, அடியில் பொன் இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.