முகாமுக்கு மறுநாள்

கல்லூரி வயது இளைஞர்கள் கடல் கடந்து வந்து, ஏழைக் குழந்தைகளுக்குக் கைகழுவவும் பல்துலக்கவும் சொல்லித்தரும் முகாம்கள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நிறைய நடக்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் திரும்பிவிடுவார்கள். 1969-ல் தொடங்கிய நம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமும் ஏறக்குறைய இதே வடிவம்தான். இந்த முறையின் பலமும் பலவீனமும் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள கோரமண்டல் குடியிருப்பில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வாத்தியாரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை, ஊருக்குப் புதிதாக வந்த அக்காவிடம் பிள்ளைகள் கேட்டுவிடுகிறார்கள். மாதவிலக்கைப் பற்றிப் பேச வீட்டிலும் பள்ளியிலும் ஆளில்லாத பெண்பிள்ளைக்கு, நாளை ஊரைவிட்டுப் போய்விடப் போகிறவளிடம் மனம் திறப்பது எளிது. பாட்டும் படமும் விளையாட்டுமாகச் சொன்னது பாடப்புத்தகத்தில் படித்ததைவிட ஆழமாகத் தங்கும். அந்த இளைஞர்களின் அக்கறையும் போலி அல்ல.

ஆனால் எதைக் கற்பிக்கிறார்கள்? எங்கிருந்தோ அச்சிட்டு வந்த அதே பாடத்தைத்தான். கோரமண்டல் பிள்ளைகளின் உடல்நலக் கதை வேறு. 1880-ல் தங்கம் தோண்ட ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் லைன் வீடுகள், அதாவது வரிசைக் குடியிருப்புகள், இவை. பாறைத்தூளைச் சுவாசித்து சிலிகோசிஸில் நெஞ்சு அடைத்துப்போன சுரங்கத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பெயர்பெற்ற சுரங்க மருத்துவமனையும் அதோடு ஓய்ந்தது. மிஞ்சியவை சயனைட் மலைகள்: தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண்மேடுகள். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி வீட்டுக்குள்ளே, சோற்றுப் பானைவரை வருகிறது. முகாம் பாடத்தில் அந்த மலை இருக்குமா?

கைகழுவும் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சோப்புக் கட்டி கொடுக்கலாம். தண்ணீரைச் சேமித்து வைத்துச் செலவழிக்கும் வீட்டில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குப் பதில் வேண்டாமா? கழிப்பிட வசதியும் அப்படித்தான்: 2011-ல்கூட இந்தத் தங்கவயலில் உலர்கழிப்பிடங்களை மனிதர் கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சுத்தமின்மை பிள்ளையின் பழக்கக் கோளாறு என்று சொல்லிக்கொடுப்பது, நகராட்சியும் அரசும் சுமக்க வேண்டிய பழியை ஒன்பது வயதுக் குழந்தையின் தலையில் வைப்பதாகும். எனக்கு இந்த முகாம்களில் மிகவும் உறுத்துவது இதுதான்.

இன்னொன்று: பெற்றோர். தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்கள் இங்கே ஏராளம். பகலில் நடக்கும் முகாம் அவர்களைத் தொடுவதே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. 1978-ல் லண்டனில் குழந்தை மருத்துவர் டேவிட் மோர்லி முதலானோர் தொடங்கிய 'குழந்தைக்குக் குழந்தை' என்ற முறை, பிள்ளைகளையே தங்கள் தெருவை ஆராயவைத்தது. யாருக்கு இருமல், எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவர்களே கணக்கெடுத்து வீட்டிலும் தெருவிலும் பேசுவார்கள். தங்கவயலுக்கு இது அந்நியமும் அல்ல. தமிழ்ப் பௌத்த முன்னோடி அயோத்திதாசப் பண்டிதரைப் பின்பற்றிய மாரிக்குப்பத்துப் பௌத்தர்கள், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சங்கம் வைத்துத் தங்கள் மக்களுக்குத் தாங்களே அறிவூட்டியவர்கள். வெளியூர் இளைஞர் வரட்டும். ஆனால் லைன் வீட்டு இளைஞர்களுக்குத் துணையாள்களாக வரட்டும். பாடம் தமிழில், இரவு ரயில் வந்த பிறகு, பெற்றோரும் இருக்கும்போது நடக்கட்டும். இருமும் பிள்ளையைக் கண்டால் எந்த மருத்துவமனைக்கு, யார் கூட்டிப்போவது என்பதை முன்பே முடிவு செய்துவிடட்டும்.

கோரமண்டலில் முகாம் நடத்த யாராவது அனுமதி கேட்டு வந்தால், ஊர்ப் பெரியவர்களும் தலைமையாசிரியர்களும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: தூசியைப் பற்றி என்ன சொல்லித்தரப் போகிறீர்கள்? நீங்கள் போன மறுநாள் யார் தொடர்வார்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அனுமதி கொடுக்காதீர்கள்.