சுராங்கனி இன்னும் ஆட்டமிழக்கவில்லை

ருவான்வெல்லையில் விடியற்காலை மழை பிடித்தால் றப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்குள் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். அப்படியான ஒரு காலையில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். மூன்று பேர் தமிழர், இரண்டு பேர் சிங்களவர். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கடை றேடியோவில் பழைய பைலா ஒன்று போக, சண்டை தொடங்கியது: நம்ம காலத்தில் பெரிய பேண்ட் எது?

"மச்சான், கிளாரன்ஸ் இல்லாட்டி இந்த நாட்டில கிட்டாரே இல்ல" என்றார் முன்னாள் பஸ் நடத்துநர். இன்னொருவர் ஜிப்சீஸை விட்டுக்கொடுக்கவில்லை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் மட்டும் மேசையில் தாளம் போட்டபடி, "நீங்க எதையும் சொல்லுங்க. கல்யாண வீட்டுல கடைசியா எல்லாரையும் எழுப்புறது சுராங்கனிதான்" என்றார்.

நான் அவர் பக்கம். ஏன் என்பதை இந்தப் பத்தியில் அலசிப் பார்க்கிறேன்.

முதலில் கிளாரன்ஸ் விஜேவர்தன. 1943இல் அப்புத்தளையில் பிறந்த மலைநாட்டுப் பிள்ளை. 1966இல் அன்னஸ்லி மாலேவனவோடு சேர்ந்து நம் சபரகமுவவின் ரத்தினபுரியில் அவர் தொடங்கிய 'மூன்ஸ்டோன்ஸ்' குழு, மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் மெட்டுகளின் பலம் அடக்கம். குரல் உயரப் போய் வித்தை காட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வரும். இடையில் கிட்டார் நாலு சுரம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டெஸ்ட் போட்டியில் நாள் முழுக்க நின்று ஆடும் மட்டையாளரின் அழகு அது. 1996 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்த மெட்டுகள் பழையதாகவில்லை. தனியாக உட்கார்ந்து கேட்கும் இரவுக்கு அவரை மிஞ்ச ஆளில்லை என்றே நினைக்கிறேன்.

மொறட்டுவை ஜிப்சீஸ் வேறு வகை. சுனில் பெரேரா மேடைக்கு வந்தால் சனம் நிற்காது. ஆட வைத்தபடியே நாட்டின் குறையையும் பாட்டுக்குள் சொல்லிவிடும் துணிச்சல் அவருக்கு இருந்தது. 2021 செப்டம்பரில் அவர் போனபோது எங்கள் கடையில் அன்று முழுக்க அவர் பாட்டுத்தான் ஓடியது.

இனித் தமிழ்ப் பொப். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகள் வரை இலங்கையில் அப்படி இருக்கவில்லை. படமும் கதாநாயகனும் இல்லாமல் பாட்டு தன் காலில் நின்றது. அம்பாறை ஹார்டி நிறுவனத்தில் படித்த நித்தி கனகரத்தினம், பேச்சுத் தமிழைப் பைலாத் தாளத்தில் ஏற்றினார். 'சின்ன மாமியே' மாமியிடம் மகளைப் பற்றிக் கேட்கும் பாட்டு. முற்றத்தில் நின்று கேட்பது போலவே இருக்கும். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' எங்கள் லயங்களில் பெண்கள் பாடிய பாட்டு. சம்பள நாளன்று இருட்டிய பிறகு வாசலில் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்தப் பாட்டை என் அம்மா வேடிக்கையாகப் பாடி நான் கேட்டதே இல்லை. சொல்லுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நித்திக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

ஆனால் ஆட்டத்தை முடித்து வைப்பவர் சுராங்கனியைப் பாடிய ஏ. ஈ. மனோகரன்.

சுராங்கனியின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். கடலில் பிடித்த மீனைச் சுராங்கனிக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்பதுதான் விஷயம். கதை அதற்கு மேல் நகராது, நகரத் தேவையுமில்லை. வரிகள் சின்னச் சின்னதாக, கேட்ட மாத்திரத்தில் திருப்பிச் சொல்லக்கூடியவை. பாடகர் ஒன்று சொல்ல, கூட்டம் அதையே பதிலாகச் சொல்கிறது. இரண்டாம் சுற்று வருவதற்குள் கேட்க வந்தவர்கள் பாடகர்களாகிவிடுவார்கள். கிட்டார் பழகத் தொடங்கிய பையனும் வாசித்துவிடலாம். எங்கள் தோட்டத்துக் கோஷ்டியில் ஒரு கிட்டாரும் ஒரு பொங்கோவும்தான் இருந்தன. அதுவே போதுமாக இருந்தது.

அடுத்தது தாளம். போர்த்துக்கேயர் காலத்தில் வந்த கஃப்ரிஞ்ஞாவிலிருந்து வளர்ந்து, வொலி பஸ்தியான் போன்றவர்கள் கையில் மேடையேறியது பைலா. ஆறு தட்டு, அதில் இரண்டு அழுத்தம். நம் பக்கத்தில் இதற்குத் திஸ்ர நடை என்று பெயர். கும்மி அடிக்கும் நடையும் இதுதான். கோயில் திருவிழாவில் கும்மியடித்துப் பழகிய தோட்டத்துப் பெண்ணுக்குப் பைலா புதிதாகத் தெரியாததன் காரணம் இது என்பது என் கணிப்பு. கடற்கரைத் தாளம் மலையேறி வந்தபோது அதற்கான கால்கள் இங்கே ஏற்கெனவே தயாராக இருந்தன.

மூன்றாவது, மொழி. ஒரே மெட்டில் சிங்களமும் தமிழும் ஒன்றன் பின் ஒன்றாக வரும். மற்றவர் மொழி தெரியாதவரும் பாதிப் பாட்டைத் தன்னுடையதாகப் பாடலாம். 1977இல் இளையராஜா இசையில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக மலேசியா வாசுதேவன் இதைப் பாட, தமிழ்நாட்டிலிருந்து இங்கே வரும் வழக்கத்துக்கு மாறாக ஒரு பாட்டு இங்கிருந்து அங்கே போனது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அன்று அங்கே அவரைச் 'சிலோன் மனோகர்' என்றே நினைவுகூர்ந்தார்கள்.

இதைப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்க முடியாது. அதே 1977இலும், 1981இலும், 1983இலும் சபரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. சனம் றப்பர் காட்டுக்குள் ஒளிந்திருந்தது. இரண்டு மொழியில் பாடிய பாட்டு எந்தக் கூரையையும் காப்பாற்றவில்லை. அந்த நாட்களுக்குப் பிறகு எங்கள் கோஷ்டியின் கிட்டார்க்காரர் குடும்பத்தோடு வடக்கே போய்விட்டார், திரும்பவில்லை. ஆனாலும் அன்றைய மழைக் காலையில், கணக்கப்பிள்ளை அண்ணன் மேசையில் தாளத்தைத் தொடங்கியதும், சிங்கள வரியை அவர் பாட, தமிழ் வரியைப் பஸ் நடத்துநர் பிசகாமல் எடுத்துக் கொடுத்தார். ஜிப்சீஸ்காரரும் வாயைத் திறந்துவிட்டார். அத்தோடு விவாதம் முடிந்தது.

என் தீர்ப்பு இது: மெட்டுக்குக் கிளாரன்ஸ், சொல்லுக்கு நித்தி, மேடைக்கு மனோகரன். மூன்றில் ஒன்றைத்தான் தரலாம் என்றால் சுராங்கனி.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பெரிய பெயர்களுக்கு இசைத்தட்டு இருக்கிறது. தோட்டத்துக் கோஷ்டிகளுக்கு இருப்பது திருவிழாவில் யாரோ பதிந்த கெசட் மட்டும். நம் ஊர் மழைக்கு அதில் பூஞ்சணம் பிடிக்கிறது. உங்கள் வீட்டு அலுமாரி மேல் அப்படி ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். நாடா அறுவதற்குள் கைபேசியிலாவது பதிந்துகொள்ளுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் பாடியது என்பதை உறையின் மேல் எழுதி வையுங்கள்.