பைதான் பண்டகசாலையில் ஒரு வாரம்

சென்னை மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் மின்சார ரயிலேறி, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொன்றாகக் கடந்து கும்மிடிப்பூண்டியில் இறங்கி, சிப்காட் தொழிற்பேட்டைக்குக் காலை ஷிப்டுக்காக விரையும் கூட்டத்தோடு ஒரு வாரம் நானும் போய் வந்தேன். அங்கே இரும்புக் கம்பி உருட்டும் சிறு ஆலையொன்றில், பேனல்களில் உள்ள எட்டு மின்மீட்டர்களை ஷிப்டுக்கு ஒரு முறை கண்ணால் பார்த்து நோட்டில் எழுதிவந்த வழக்கத்தை மாற்றி, பழைய கணினியொன்றே அவற்றைப் படிக்கும்படி செய்துதரவேண்டும் என்பது நண்பர் ஒருவரின் விருப்பம். அதற்குரிய மென்பொருளைத் தேடிப் புகுந்த இடமே இந்த விமர்சனத்துக்கு விஷயமாகிய பைபிஐ என்னும் பைதான் மென்பொருள் பதிவகம். இதனைப் பலர் ‘பைபை’ என்று உச்சரிக்கிறார்கள். அந்தப் பெயரில் வேறொரு மென்பொருள் இருப்பதால், பெயர்க் குழப்பம் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

2002-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவர் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்து, 2003 முதல் நடந்துவரும் இந்தப் பதிவகத்துக்குத் தொடக்கத்தில் ‘பாலாடைக்கட்டிக் கடை’ என்ற செல்லப் பெயர் உண்டு. பைதான் நிரல்மொழிக்குப் பெயர் தந்த ஆங்கில நகைச்சுவைக் குழுவினரின் நாடகமொன்றில், எந்தப் பாலாடைக்கட்டியைக் கேட்டாலும் இல்லையென்று சொல்லும் கடை ஒன்று வரும். அதன் நினைவாக இட்டது. இன்றைய நிலை அதற்கு நேர்மாறானது. 2018 ஏப்ரலில் ‘வேர்ஹவுஸ்’, அதாவது பண்டகசாலை, என்னும் புதிய கட்டுமானத்துக்கு மாறிய இத்தளத்தில் இப்போது 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் குவிந்திருக்கின்றன. எடுத்துக்கொள்ளக் கட்டணம் கிடையாது. முகப்பில் ஒரு தேடுபெட்டியும், அதன் கீழே ‘உலாவிப் பார்க்க’ என்று பொருள்படும் ஒரு சிறு இணைப்பும் இருக்கின்றன.

இவ்விரண்டு வழிகளின் தாரதம்மியத்தைத் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். தேர்வாய் கண்டிகையில் தொழிற்பேட்டை எழுந்த பின்னர் நிலத்தின் வில்லங்கம் பார்க்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு, 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் வகுத்த முதலாம் அட்டவணை எழுதிக்கொடுத்தவர், பெற்றுக்கொண்டவர் ஆகியோரின் பெயர்களைக் கொண்டது என்பதும், இரண்டாம் அட்டவணை சொத்தின் விவரங்களைக் கொண்டது என்பதும் தெரிந்திருக்கும். பெயர் தெரிந்தவன் முதலாவதைப் புரட்டுகிறான். பெயர் தெரியாமல் நிலத்தை மட்டும் அறிந்தவன் இரண்டாவதைப் புரட்டுகிறான். பைபிஐயின் தேடுபெட்டி முதலாம் அட்டவணையை ஒத்தது. வகைப் பட்டியலைச் சொடுக்கிச் சொடுக்கி உலாவுவது இரண்டாவதை ஒத்தது. இன்னோர் ஒற்றுமையும் உண்டு: கொண்டுவந்த பத்திரத்தைப் பதிவுசெய்கிறவர் அதன் பாத்தியதைக்கு ஜாமீன் நிற்பதில்லை.

எங்கள் மீட்டர்கள் பேசுவது மாட்பஸ் என்னும் பாஷை. 1979-இல் மாடிகான் நிறுவனம் வகுத்த இந்த எளிய நெறிமுறையில், ஒவ்வொரு மீட்டரும் தன் அளவுகளை ‘ரிஜிஸ்டர்’ எனப்படும் எண்ணிட்ட அறைகளில் வைத்திருக்கும், கேட்டால் கொடுக்கும். பதிவேட்டைப் படிப்பதற்கான கருவியை மற்றொரு பதிவேட்டில் தேடுகிறோமே என்று சிரித்துக்கொண்டேன். ‘மாட்பஸ்’ என்று தேடுபெட்டியில் இட்டதும், பக்கத்துக்கு இருபது வீதமாகப் பொதிகள் வரிசையாக வந்து நின்றன. பெயர், தேதி, ஒரு வரி வர்ணனை, இவ்வளவே. வேகத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால், இவற்றுள் எது நாலு பேர் கையாண்டு தேறியது, எது யாரோ ஒரு மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிக் கைவிட்டது என்பதற்கு அந்த வரிசையில் ஓர் அறிகுறியும் இல்லை. பொருத்தத்தை வைத்தோ, புதுமையை வைத்தோ வரிசைப்படுத்தலாம்; எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற கணக்கு கண்ணில் படாது. பெருங்கூட்டம் போகும் கடைதான் நல்ல கடை என்று நான் சொல்லவில்லை. ஆயினும், கூட்டம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புவது மனித சுபாவம்.

எங்களுக்கு நேர்ந்த சங்கடம் வேறு விதமானது. அதற்குக் காரணமும் எங்கள் அவசரமே. மீட்டர்களிலிருந்து இரண்டு கம்பிகள் வழியாக வரும் ஆர்எஸ்-485 இணைப்பைக் கணினி படிக்கவேண்டுமானால், அதன் சீரியல் துறையைக் கையாள ஒரு பொதி வேண்டும். ஐடிஐ படித்த எலக்ட்ரிஷியன் தம்பி ஒருவர் என்னோடு இருந்தார். மாதிரி நிரல் ஒன்றின் முதல் வரியில் ‘சீரியல்’ என்று அழைத்திருப்பதைப் பார்த்து, அதே பெயரில் பொதியை நிறுவிவிட்டார். நிறுவுதலில் தடையே இல்லை. ஓடவிட்டபோதோ, இல்லாத ஒன்றைக் கேட்கிறாய் என்று கணினி மறுத்தது. வயரை மாற்றினோம், கன்வெர்ட்டரைக் கழற்றி மாட்டினோம், அரைநாள் வீணாயிற்று. விஷயம் என்னவென்றால், துறையைக் கையாளும் பொதி பதிவகத்தில் ‘பைசீரியல்’ என்ற பெயரில் இருக்கிறது. நிரலுக்குள் மட்டுமே ‘சீரியல்’ என்று அழைக்கப்படுகிறது. ‘சீரியல்’ என்றே பதிவாகியிருப்பது தரவுகளை வடிவம் மாற்றும், இதற்குச் சம்பந்தமேயில்லாத மற்றொரு பொதி.

“பேரு ஒண்ணுதானே சார், பொருளும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார் தம்பி. ஊரில் ஒரு பெயரும் ரேஷன் கார்டில் ஒரு பெயருமாக வாழ்கிறவர்கள் நிறைந்த நாட்டில் அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

இது கபடமற்ற குழப்பம். கபடமுள்ளதும் உண்டு. ‘ஜெல்லிஃபிஷ்’ என்ற நல்ல பொதியின் பெயரில், ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்துக்குப் பதில் பெரிய ‘ஐ’ எழுத்தை இட்டு, பார்வைக்கு வேற்றுமை தெரியாத ஒரு போலிப் பொதி ஏறக்குறைய ஓராண்டு அங்கே இருந்து, இரகசியச் சாவிகளைத் திருடிவந்ததைக் கண்டுபிடித்து 2019 டிசம்பரில் நீக்கினார்கள். ‘ர’ என்ற எழுத்தையும் துணைக்காலையும் ஒன்றாகத் தட்டச்சிட்டுவிட்டு மெய்ப்புத் திருத்துவோரைத் தவிக்கவைக்கும் நம்மவர்களுக்கு இந்த யுக்தியின் நுட்பம் உடனே விளங்கும். கண்ணால் படித்துத் தட்டச்சிடுவதைவிட, பொதியின் பக்கத்திலேயே தலைப்பில் கொடுத்திருக்கும் நிறுவல் கட்டளையைப் பிரதி செய்துகொள்வது உத்தமம். ஆனால் வந்து நிற்கும் பக்கம் எது என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

உலாவுதலுக்கு வருவோம். இடப்பக்கத்தில் துறை, வளர்ச்சி நிலை, உரிமம், இயங்குதளம், மனித மொழி என்று வடிகட்டிகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகத் தேர்ந்தால் பட்டியல் குறுகிக்கொண்டே வரும். நூலகத்தில் தேடிவந்த புத்தகத்துக்குப் பக்கத்துப் புத்தகம் கையில் அகப்படுகிற சுகம் இதில் ஓரளவு இருக்கிறது. இதன் பலவீனம் என்னவெனில், இந்த வகைப்பாடுகள் யாவும் பொதியை எழுதியவர் தாமே சூட்டிக்கொண்டவை. ‘உற்பத்திக்குத் தயார்’ என்பது அவர் தமக்குக் கொடுத்துக்கொண்ட நற்சான்று. ஒன்றும் சூட்டாமல் விட்ட சிறந்த பொதியோ வடிகட்டியில் அகப்படாமலே போய்விடும்.

மொழிப் பட்டியலில் தமிழ் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். தமிழ் எழுத்துகளைக் கையாளும் ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற பொதிகளும் இங்கே உள்ளன. ஆயினும் பொதிக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க முடியாது. ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளியும் கோடுகளுமே செல்லும். தளத்தின் முகத்தை எஸ்பராண்டோவில்கூட மாற்றிப் படிக்கலாம், தமிழில் முடியவில்லை. ஐடிஐ படித்த இளைஞர்கள் நிறைந்த தொழிற்பேட்டையில் உட்கார்ந்து பார்க்கும்போது இந்தக் குறை சற்று உறைக்கிறது.

என் அபிப்பிராயத்தில் இத்தளத்தின் உண்மையான செல்வம் பொதியின் தனிப்பக்கத்தில் இருக்கும் வெளியீட்டு வரலாறு. பைசீரியலின் 3.5 பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. வருஷங்கள் கடந்தும் வேலை செய்கிறது. எனவே பழையதென்று தள்ளிவிடுவது விவேகமாகாது. ‘பைமாட்பஸ்’ என்ற மற்றொரு பொதியோ விறுவிறுப்பாக வளர்வது. மீட்டரின் எண்ணைக் குறிக்கும் சொல் முதலில் ‘யூனிட்’ என்றிருந்து, மூன்றாம் பதிப்பு வரிசையில் ‘ஸ்லேவ்’ என்று மாறியதால், பழைய உதாரணங்களை அப்படியே எடுத்துப் போட்டவர்கள் திணறினார்கள். ஆகையால் நாங்கள் சோதித்துத் தேறிய பதிப்பின் எண்ணைக் குறித்து, அதையே நிறுவும்படி கட்டளையை எழுதிவைத்தோம். ஆசிரியரே திரும்பப் பெற்றுக்கொண்ட பதிப்புகளுக்கு அந்த வரலாற்றிலேயே அடையாளம் இடப்பட்டிருக்கிறது. கோப்புகளின் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற நீண்ட குறியீடும் உண்டு. பொதியின் பக்கத்தில் தளம் தானே சரிபார்த்த விவரங்களைத் தனியாகவும், சரிபார்க்காதவற்றைத் தனியாகவும் பிரித்துக் காட்டுவது அண்மைக் காலத்தில் வந்த மிக நல்ல ஏற்பாடு. அதைப் படியாமல் கடந்துசெல்கிறவர்களே அதிகம்.

கட்டளைகளைத் தட்டச்சிடும் கறுப்புத் திரையிலிருந்தே தேடுவதற்கு முன்பு ஒரு கட்டளை இருந்தது. தாங்கமுடியாத சுமை வந்து சேர்ந்ததனால் 2020 டிசம்பரில் அதற்குரிய கதவை மூடிவிட்டார்கள்; இப்போது உலாவியைத் திறந்துதான் ஆகவேண்டும். ஆலைக்குள் கணினிக்கு இணையம் தர மறுத்துவிட்ட காரணத்தால், நான் கைப்பேசியில் தேடி, பொதிகளை வீட்டில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோனேன். கைப்பேசியின் சிறு திரையில் வடிகட்டிகள் ஒரு பொத்தானுக்குள் ஒளிந்துகொள்கின்றன. உலாவுதலுக்கு அகன்ற திரையே உசிதம்.

ஐந்தாம் நாள் இரவு ஷிப்டில் முதல் மீட்டர் பேசிற்று. வந்த எண் அபத்தமாக இருந்தது. இரண்டு அறைகளில் பாதி பாதியாக வைத்திருந்த அளவை நாங்கள் முன்பின்னாக மாற்றிச் சேர்த்திருந்தோம். திருத்தியதும் திரையில் வோல்டேஜ் நின்றது. தம்பி டார்ச்சை எடுத்துக்கொண்டு பேனலுக்கு ஓடி, மீட்டரின் முகத்தோடு ஒப்பிட்டுவிட்டு வந்தார்; தசமம் வரை சரியாயிருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அதே எண்ணை நோட்டிலும் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்துக்கொண்டார்.