கல்லிலும் ஏட்டிலும் ஒரு பூனை

சென்ற வாரம் சேதராப்பட்டிலிருந்து பேரப்பிள்ளைகளுடன் மாமல்லபுரம் சென்றிருந்தோம். பல்லவர் காலத்துப் பெருந்தவச் சிற்பத்தில் தவசி ஒருவர் ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கிறார். கீழே ஒரு பூனையும் அவ்வாறே கைகளை உயர்த்தித் தவக்கோலம் பூண்டிருக்கிறது, அருகில் எலிகள். "தாத்தா, இது ஏன் இன்னும் எலியைப் பிடிக்கவில்லை?" என்றாள் இளைய பேத்தி.

வீடு திரும்பியதும், 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் ஆக்கிய 'கலீலா வ திம்னா'வை எடுத்தோம். பஞ்சதந்திர வழிவந்த அந்நூலிலும் ஒரு தவப்பூனை! பகலில் நோன்பு, இரவில் வணக்கம் எனப் பெயரெடுத்த அதனிடம் முயலும் பறவையும் நீதி கேட்டு வருகின்றன. செவி மந்தமென்று அருகே அழைத்து, இரண்டையும் கொன்று தின்கிறது.

இரண்டில் எது உயர்ந்தது? சிற்பமே என்போம். நூல் பாய்ச்சலைக் காட்டிவிடுகிறது. பூனையைப் பழித்துவிட்டு நிம்மதியாக ஏட்டை மூடுகிறோம். சிற்பியோ பாய்ச்சலைச் செதுக்கவில்லை. தவசிக்கும் பூனைக்கும் கோலம் ஒன்றே, வேறுபாடு உள்ளத்தில். முகஸ்துதியின் நுட்பம் இதுவன்றோ?

உண்மையில் பூனைக்கு வேடம் தெரியாது. அது மனிதன் அணிவித்தது. 5374 நபிமொழிகளை அறிவித்த நாயகத் தோழர் (ரலி), 'பூனைக்குட்டியின் தந்தை' எனப் பொருள்படும் அபூஹுரைரா என்ற பெயராலேயே அறியப்படுகிறார். நம் வீட்டுப் பூனையும் பசித்தால் கத்துகிறது, உண்டால் உறங்குகிறது, யாருக்காகவும் நடிப்பதில்லை.

மாணவர்கள் பின்னால் நிற்கையில் மட்டும் நம் ருகூஉ சற்றே நீள்வதை அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். பேத்திக்கு இன்னும் விடை சொல்லவில்லை.